மைனியின் மண்

சொர்ணம்மாள் கூடையின் ஒரு விளிம்பைப் பிடித்து இழுத்தாள். பொன்னுலிங்கம் மறு விளிம்பை விடவில்லை.

கூடையில் இருந்தது வெறும் மண். அவளுடைய உளுந்து விளையிலிருந்து அவன் அள்ளிய மண்.

“எவனுக்க கையில குடுத்து எனக்க குடும்பத்துக்குச் செய்வினை வைக்கப் போற, ஏலே?”

அண்ணன் பெண்டாட்டிக்கு இதை எப்படிப் புரியவைப்பது? சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலித்துவிட்டது.

பாகம் பிரித்தபோது, காலங்காலமாக உளுந்து விளைந்த நிலம் அண்ணனுக்குப் போயிற்று. வரப்புக்கு இந்தப் பக்கம் முள் வெட்டித் திருத்திய காடு இவனுக்கு வந்தது.

சாம்பல் போட்டான். சாணி போட்டான். நாகர்கோவிலிலிருந்து எலும்புத்தூள் வாங்கி வந்து கொட்டினான். உளுந்துச் செடி மஞ்சள்காமாலை கண்டதுபோல வெளுத்தே நின்றது. இந்த வருஷமும் பொய்த்தால் விளையை விற்றுவிட்டு மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான்.

சர்க்கார் கிருஷி இன்ஸ்பெக்டர் வந்தபோது இரண்டு விளையிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். அண்ணன் செடியின் வேரில் கடுகு கடுகாக முண்டுகள். இவன் செடியின் வேர் மொட்டையாக இருந்தது. அந்த முண்டுக்குள் நல்ல கிருமி இருக்கிறது, அதுதான் செடிக்குச் சோறு ஊட்டுகிறது, அந்த மண்ணை அள்ளித் தூவி உழுதுவிட்டு விதையும் என்றார்.

சுற்றிலும் நெல்லும் பனையும்தான். உளுந்து கண்ட மண் பக்கத்தில் வேறெங்கும் இல்லை.

அவர் போனதும் இவன் மைனியிடம் ஓடி, “உங்க மண்ணுல கிருமி இருக்கு, கொஞ்சம் தாருங்க” என்று கேட்டுத் தொலைத்தான். கிருமி என்றால் வாந்திபேதி என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தவள் சும்மா விடுவாளா? அன்றோடு பேச்சு அறுந்தது.

அதனால்தான் இந்தத் திருட்டு. அதிலும் மண் விழுந்தது.

சொர்ணம்மாள் கூடையைப் பிடுங்கித் தன் விளையிலேயே கவிழ்த்தாள். தட்டித் தட்டி, ஒட்டியிருந்ததைக்கூட உதிர்த்தாள். பொன்னுலிங்கத்துக்கு அழுகை முட்டியது. கூடப் பிறந்தவன் வீட்டில் ஒரு கூடை மண்ணுக்கு வழியில்லை!

அவளுக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டாள். குனிந்து தன் விளை மண்ணை ஒரு பிடி வாரி, வரப்பைத் தாண்டி, அவன் உழுது போட்டிருந்த சாலில் தூற்றினாள்.

“நீ வெதச்சது வெளங்காமப் போட்டும்!”

பதிலுக்கு ஏச வாயைத் திறந்தவன் மண் விழுந்த இடத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த பிடி. அதற்கடுத்த பிடி. வடக்கு மூலையில் நாலைந்து சாலுக்கு மண் விழுந்தாயிற்று.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்கியது. கையைத் தட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

பொன்னுலிங்கம் பதறிப்போனான்.

“மைனி, நீங்க கிண்டுத உளுந்தங்களிய எங்க அண்ணன் மாட்டுக்குல்லா வைக்காரு, தெரியுமா?”

சொர்ணம்மாள் நின்றாள். திரும்பி வந்து, இந்த முறை இரண்டு கையாலும் வாரினாள்.

அவன் மண் விழாத தெற்கு மூலையைப் பார்த்து, வரப்போரமாக மெல்ல நடக்கத் தொடங்கினான்.