அத்தையை அனுப்பு

"நாளைக்கு ஸ்கூல் விழாவுக்கு நீ வர வேணாம்மா. நஷ்வா அத்தையை அனுப்பு."

அவரைக்கூழில் ரொட்டியைத் தோய்த்தபடி, தலையைத் தூக்காமலே சொன்னாள் ரிஹாம். பத்து வயசு.

நப்ரா சட்டென்று திரும்பினாள். "முதல் தடவையா தனியா பாடப் போறே. பெத்தவ நான் இருக்கறப்ப அத்தை எதுக்குடி?"

"அத்தை போதும்."

நஷ்வா, நப்ராவின் நாத்தனார். மேல் மாடியில் குடியிருப்பவள். பால் போல நிறம்.

நப்ரா தெற்கே அஸ்வான் பக்கத்து நூபியப் பெண்; அந்த இனத்தாருக்கே உரிய கறுத்த நிறம். கல்யாணமாகி கெய்ரோவுக்கு வந்து பதினொரு வருஷம். இன்றைக்கும் ரொட்டிக்கடை வரிசையில், "எந்த வீட்டுல வேலை பாக்குறே?" என்றுதான் கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ரிஹாம் அப்படியே அம்மாவின் நிறம். ஒரு மாதமாக எலுமிச்சம்பழச் சாற்றால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். தோல் எரிந்தாலும் விடுவதில்லை.

விஷயத்தைக் கேட்டதும் நஷ்வா பொரிந்து தள்ளினாள். "பெத்தவளையே மறைக்கப் பாக்குதா கழுதை? என்னை அம்மான்னு காட்டிக்கிற எண்ணம்போல. ரெண்டு வைங்க அண்ணி."

"விடு நஷ்வா. சின்னப் பொண்ணு. நீயே போயிட்டு வா."

சொல்லிவிட்டாளே தவிர, மனசு கேட்கவில்லை. மகளின் வெள்ளைப் பாவாடைக்கு நாலு நாள் உட்கார்ந்து பூவேலை செய்தவள் அவள். அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்பதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

மறுநாள், நஷ்வா கிளம்பிப் போன பிறகு, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூட முற்றத்தில் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ரிஹாம் மேடைக்கு வந்தாள்.

"கரிமூட்டை வந்தாச்சுடா" என்றான் முன்வரிசையில் ஒரு பையன்.

"லைட்டைப் போடுங்க. ஆளே தெரியலை" என்றாள் இன்னொருத்தி.

பிள்ளைகள் மொத்தமும் சிரித்தன. ஓரத்தில் நின்ற டீச்சரும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

நப்ரா முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். ஆனால் ரிஹாமின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தினமும் கேட்டுப் பழகியவள்போல நின்று, கணீரென்று பாட ஆரம்பித்தாள்.

இரண்டாவது அடியில் அவள் கண் கடைசி வரிசைக்குப் போனது. அம்மாவைப் பார்த்துவிட்டாள்.

பாட்டு நின்றது. மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நப்ரா தலையைக் குனிந்துகொண்டாள்.

குனிந்தவளின் இரண்டு காதுகளையும் ரிஹாம் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தினாள்.

"வர வேணாம்னு சொன்னேன்ல? ஏம்மா வந்தே?"

நப்ரா அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள். "அம்மாவைக் காட்டிக்க வெக்கமா கண்ணு உனக்கு?"

ரிஹாம் இல்லையென்று தலையாட்டினாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"நான் அழகுன்னு நீ ஒருத்திதாம்மா நினைச்சுக்கிட்டிருக்கே. இவங்க சொல்றதைக் கேட்டா நீயும் மாறிடுவியோன்னு பயமா இருந்துச்சு."