ஆறிப்போன காயம்

தோலில் ஒரு செல்லுக்குள் சேதி சொல்லும் புரதம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து அழைப்பு வந்தால் "பெருகுங்க!" என்று குரல் கொடுக்கும், பிறகு வாயை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் அரிவாள்மனை தோலைக் கீறிவிட்டது. அழைப்பு வந்தது. புரதம் போட்ட சத்தத்தில் செல்கள் ஒன்று இரண்டாகப் பெருகி, தோளோடு தோள் சேர்ந்து காயத்தை மூடின. அடடா, அன்றைக்கு அதற்குக் கிடைத்த பேரென்ன, மரியாதையென்ன!

காயம் ஆறி நெடுங்காலமாகியும் அந்த நாளை விட்டு வெளியே வர அதற்கு மனமில்லை. நினைப்பு வரும்போதெல்லாம் "பெருகுங்க!" என்றது.

"யாருமே கூப்பிடலையே தம்பி?" என்றது பக்கத்துச் செல்.

"அன்னிக்குக் கூப்பிட்டாங்களே அக்கா, மறந்துட்டீங்களா? எல்லாரும் எப்படி ஓடி வந்தோம்!"

புதிதாய்ப் பிறந்த செல்களுக்கு மூடுவதற்குக் காயம் இல்லை. அந்தக் கதை மட்டும்தான் இருந்தது. சில செல்கள் காயம் தேடி ரத்தத்தில் இறங்கி நுரையீரல்வரை போய்விட்டன. மற்றவை இருந்த இடத்திலேயே நெருக்கியடித்தன.

"மூச்சு முட்டுதே... யாராவது வாங்களேன்!" என்று அலறியது பக்கத்துச் செல்.

புரதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு காலம் கழித்து ஓர் அழைப்பு!

"பெருகுங்க!" என்றது, தொண்டை கிழிய.