கருணைப் பானையின் விரிசல்

ஆதியில் கடவுள் தம் ஒளியைப் பத்துப் பானைகளில் வார்த்தார் என்று யூத ஞானிகள் சொல்வார்கள். ஒவ்வொரு பானையும் நிரம்பியதும் கீழே இருப்பதற்கு ஊற்றிவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. நடுவில் இருந்த பானைக்குக் கருணை என்று பெயர். ஆகக் கீழே இருட்டில் கிடந்த கடைசிப் பானையின் பெயர் அரசி.

“கருணையக்கா, எனக்கும் கொஞ்சம் வெளிச்சம் விடுங்களேன்” என்றாள் அரசி.

“இருடி, எனக்கே இன்னும் வயிறு நிறையல.”

ஒளி கழுத்துவரை ஏறியது. அப்போதும் கருணை ஒரு சொட்டு விடாமல் மூச்சை இழுத்துப் பிடித்தாள். டப்பென்று வயிற்றில் விரிசல் விட்டது. இருந்ததெல்லாம் கீழே கொட்ட, அரசி ஜெகஜ்ஜோதியாக மின்னினாள்.

“அக்கா, பேருக்கேத்த மனசு உங்களுக்கு!”

கருணை விரிசலை மெல்லப் பின்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அட போடி, கொடுத்தே பழகிட்டேன்.”