தலைமடை நிலம் விற்பனைக்கு

"முடியாதுங்க சாமி. இன்னைக்கு முறை எல்லம்மாது" என்று சொல்லிவிட்டு கிருஷ்ணப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

சேஷகிரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஏரி மதகைத் திறந்து, இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் என்று பங்கிட்டு விடுகிற நீருகண்டி இவன். மைசூர் சமஸ்தானத்து ரெவின்யூ இலாகாவையே நடுங்க வைத்த மனிதர் இவனிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது! சுதந்திரம் வந்தாலும் வந்தது, ஆளாளுக்குச் சட்டம் பேசுகிறான்.

"ஏண்டா, என்னுது தலைமடை. ஏரித் தண்ணி என் வரப்பைத் தொட்டுட்டுத்தான் உங்களுக்கெல்லாம் வரது. தெரியுமோன்னோ?"

"தெரியுங்க. தொட்டுட்டு வந்தா பரவால்ல. அங்கயே நின்னுபோவுது."

சேஷகிரி இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுகோடி தாண்டி, ஓசூர் ரோட்டுக்குக் கீழே, இரண்டு மொட்டைப் பாறைக் குன்றுகளுக்கு நடுவில் இருந்தது அந்தப் பள்ளம். மழை பொய்த்த வருஷம். ஏரித் தண்ணீர் எட்டுகிற இடத்தில் மட்டும் சீமைப்புல் முளைக்கும். அதை அறுத்துக் காயவைத்துக் கட்டுக்கட்டாகப் பட்டணத்துக்கு விற்றுத்தான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு.

ரிடையர் ஆனதும் சேஷகிரியும் அங்கே நிலம் வாங்கிப் புல் போட்டார். கூடவே, ஊருக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் யாரும் கேட்காமலே ஏற்றுக்கொண்டார். எல்லம்மாவின் எருமை வரப்பில் கால் வைத்ததா? பிடித்துப் பட்டியில் அடை. கோவிந்தன் வாய்க்காலில் மாடு கழுவினானா? தாலுகா ஆபீசுக்கு மனுப் போடு. தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடுகிறதா? தன் வரப்போரம் நாலு கல்லைப் போட்டு நிறுத்தி வை. எல்லாம் பொதுநலம்தான்!

"சரி, விஷயத்தைக் கேளு. நிலத்தை விக்கப் போறேன். ரேஸ் குதிரைக்கெல்லாம் தீவனம் சப்ளை பண்றாரே காண்ட்ராக்டர் கஸ்தூரிரங்கன், அவர் அடுத்த மாசம் பார்க்க வரார். பச்சையா இருந்தாத்தான் விலை. காஞ்சு கெடந்தா காரை விட்டே எறங்க மாட்டார்."

நடக்கத் தொடங்கிய கிருஷ்ணப்பா நின்றான்.

"வித்துட்டு?"

"மல்லேஸ்வரத்துல வீடு கட்டிண்டு போயிடுவேன். எங்காத்துல இப்பவே பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்டியாச்சு."

"மெய்யாலுமா சாமி?"

"பின்னே, உன்னோட விளையாடவா வந்தேன்?"

கிருஷ்ணப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தான். "செத்த இருங்க. எல்லம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

மறுநாள் காலையில் சேஷகிரியின் நிலத்தில் தண்ணீர் தளும்பி நின்றது. அதற்கு மறுநாள் கோவிந்தனுடைய முறை. அன்றும் தண்ணீர் அவர் நிலத்துக்கே பாய்ந்தது. அப்புறமும் அப்படியே. ஒருத்தரும் முறை கேட்டு வரவில்லை, வரப்பில் நின்று கத்தவில்லை. சேஷகிரிக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

கஸ்தூரிரங்கனின் கார் வந்து நின்ற அன்று அவருடைய புல் முழங்கால் உயரத்துக்குக் கண்ணைப் பறித்தது. கீழே இருந்த நிலமெல்லாம் அடுப்புச் சாம்பல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. எல்லம்மாவின் எருமைக்கு விலா எலும்பு தெரிந்தது.

ஊரே வரப்பில் கூடியிருந்தது. எல்லம்மா கையில் சாமந்தி மாலை. கோவிந்தன் கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

சேஷகிரி மாலையையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ரிடையர் ஆன அன்று ஆபீசில் ஒரு பயலும் எலுமிச்சம்பழம் நீட்டவில்லை. பியூன்கூட வாசல்வரை வரவில்லை. அந்த மனக்குறை இத்தனை வருஷமாக அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இங்கே பார்த்தால், தங்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு அவர் நிலத்தைப் பச்சையாக்கிவிட்டு, மாலையோடு நிற்கிறார்கள்!

"பேஷ், பேஷ்!" என்றார் கஸ்தூரிரங்கன். "இந்தக் கோடையில இப்படி ஒரு பசுமையை நான் பார்த்ததே இல்லே. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன் சார். பத்திரம் எப்போ வச்சுக்கலாம்?"

"மன்னிக்கணும். நிலம் விக்கறதா இல்லே."

"ஏன் சார், விலை போறலையா?"

"விலை கெடக்கட்டும், ஐயா. என்மேல உயிரையே வச்சிருக்கற ஜனங்களை விட்டுட்டு நான் எப்படிப் போவேன்? நீங்க வேற எடம் பாருங்கோ."

கஸ்தூரிரங்கன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போய்க் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறியது.

சேஷகிரி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் பக்கம் திரும்பினார்.

"கவலைப்படாதீங்கோ! நான் எங்கேயும் போகப் போறதில்லே. சாகிற வரைக்கும் உங்களோடதான்! எங்கே எல்லம்மா, அந்த மாலையைப் போடு, பார்க்கலாம்" என்று கழுத்தை நீட்டினார்.

நீட்டிய கழுத்து நீட்டியபடியே இருந்தது. மாலை விழவில்லை.

எல்லம்மா மாலையைத் தரையில் வீசிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யண்ணா கிருஷ்ணப்பா, மரமாட்டம் நிக்காதே! ஓடிப்போய் அந்தக் காரை நிறுத்து! இந்த மனுசன் ஊரை விட்டுப் போனாப் போதும்னுதானே நம்ம புல்லையெல்லாம் காயப் போட்டோம்!"