வேறு எப்படிச் சொல்வார்கள்

கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப்போகும் செயற்கை நுண்ணறிவுக்காக, மருத்துவக் குறிப்புகளில் தேடித்தரும் கருவி ஒன்று தயாராகியிருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அந்தச் செயற்கை நுண்ணறிவுக்குப் புரியும்படி எழுதுவது ரெஜினாவின் வேலை. எடுத்துக்காட்டுக்காக ஒரு கேள்வியைத் தட்டினாள்: "புள்ள காலையிலேருந்து ஒதைக்கல."

எதுவும் கிடைக்கவில்லை என்றது திரை.

கருவியைச் செய்த காதர் எட்டிப் பார்த்தான். "'கருவின் அசைவு குறைதல்'னு போடுங்கக்கா, உடனே வந்துரும். இப்படியெல்லாம் யாரு கேக்கப்போறா?"

"நான் கேட்டேன் காதர், இதே மாதிரி. போன்ல, நர்ஸ்கிட்ட. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

அந்த அலுவலகத்தில் அவள் இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்றிருந்தது அவளுக்கு.

காதர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். விசைப்பலகையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

"வேற எப்படியெல்லாம் சொல்வாங்கக்கா? நீங்க சொல்லுங்க, அத்தனையையும் எழுதி வெச்சிருவோம்."

ரெஜினா திரையில் தான் தட்டிய வரியைப் பார்த்தாள்.

"'புள்ள தூங்குது போலிருக்கு'ம்பாங்க," என்றாள். "மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க."