சுத்தமான மேஜை

நல்லசிவம் மேஜையில் கிடந்த துண்டுச் சீட்டுகளையெல்லாம் போனில் ஏற்றிவிட்டுக் குப்பையில் போட்டார். அமுக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் பேப்பர்வெயிட் மட்டும் உட்கார்ந்திருந்தது.

“அம்மாவை நெஞ்சுவலிக்கு டாக்டர்கிட்ட காட்டணும்னு ஒரு சீட்டு இருந்துதே, அது எங்கே?” என்று போனிடம் கேட்டது.

“எங்கிட்ட பத்திரமா இருக்கு. எழுநூத்திப் பன்னெண்டாவது குறிப்பு.”

“அவர் பார்த்தாரா?”

“ஏத்தினதோட சரி. திறக்கவே இல்ல.”

“நீ ஞாபகப்படுத்தக் கூடாதா?”

“நான் சத்தமே போடக் கூடாதுன்னு வாயை அடைச்சு வச்சிருக்காரே.”

பேப்பர்வெயிட்டுக்கு மனசு கேட்கவில்லை. முன்பெல்லாம் மூக்குக்கண்ணாடி எடுக்க வரும்போது அவர் கை அந்தச் சீட்டில் படும்.

அடுத்த மாதம் மேஜைக்கு மறுபடி காகிதம் வந்தது. ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க அவர் பேப்பர்வெயிட்டை எடுத்து மேலே வைத்தார். அது கீழே பார்த்தது. அம்மாவின் படம் போட்ட பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைகள்.