பக்கம் திரும்பும் இடம்

பக்கத்து வீட்டு நசிவெலோ அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஞாயிறன்று சபையில் ரூத்தின் கதையை மனப்பாடமாகச் சொல்லப் போகிறாள். பிழை பார்க்க என்னிடம் வந்திருக்கிறாள். ஸோம்பா மலைக்குப் பின்னால் வெயில் இறங்குகிறது. அவள் விரல்களிலிருந்து மக்காச்சோளம் முறத்தில் உதிர்கிறது. என் மடியில் என் மனைவி தோகோசானியின் வேதாகமம். அவளைப் புதைத்து நான்கு மாதம் கழித்து இன்றுதான் அதைத் திறந்திருக்கிறேன். “காலேஜ்ல வேதத்தை அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சவன்தானே நீ? கேட்டுக்கிட்டே தூங்கிடாத தம்பி.” “சொல்லுங்கக்கா.” சொல்கிறாள். என் விரல் வரிகளின்மேல் ஓடுகிறது. ஒரு சொல்லும் பிசகவில்லை. மாமியாரை விட்டுப் போகமாட்டேன் என்று ரூத் சொல்லும்போது, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறாள். “மறந்துட்டீங்களா?” “மறக்கல. தோகோ எனக்கு வாசிச்சுக் காட்டுறப்ப எப்பவும் இங்க நிறுத்துவா. விரலை நாக்குல தொட்டுட்டுத்தான் மிச்சத்தச் சொல்லுவா. அவ சொன்னபடிதான் எனக்கு வரும்.” குனிந்து பார்க்கிறேன். என் விரல் பக்கத்தின் கடைசிச் சொல்லில் நிற்கிறது. கீழ் மூலையில் காகிதம் தேய்ந்து பழுப்பேறியிருக்கிறது. சோளம் உதிரும் சத்தமும் இல்லை. அக்கா காத்திருக்கிறாள். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்புகிறேன். அக்கா தொடர்கிறாள்.